பொம்மையை விக்கலாம், அச்சை விக்கக்கூடாது: எழுத்தாளரின் மேல்வருமானத்துக்கு ஒரு சின்ன வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பஸ்ஸில் ஆரம்பிக்குது.

2023, ஒரு வியாழக்கிழமை ராத்திரி. கோயம்பேட்டில் ஏறி ஊருக்குப் போய்க்கிட்டிருக்கேன். என் ஊர் வேப்பூர். சென்னையிலிருந்து திருச்சி போற யாருமே தாண்டாமல் போக முடியாத ஊர். உளுந்தூர்பேட்டைக்கு அடுத்து, விருத்தாசலம் - சேலம் ரோடு குறுக்கே வெட்டுற இடம். பெரும்பாலானவங்க தூக்கத்திலேயே தாண்டிடுவாங்க.

பக்கத்து சீட்டில் ஒரு அக்கா போனில் ஏதோ கதை கேட்டுக்கிட்டு வந்தாங்க. இயர்போன் இல்லை, சத்தம் மெதுவாக வெளியே வருது. திண்டிவனம் தாண்டும்போது ஒரு பெயர் காதில் விழுந்தது. நான் வைத்த பெயர். அடுத்த வரி எனக்கு மனப்பாடம், ஏன்னா அது நான் எழுதினது. 2021-இல் ஒரு நிறுவனத்துக்கு 60 அத்தியாயம் தொடர்கதை எழுதிக் கொடுத்தேன். மொத்தமாக 15,000 ரூபாய். அது ஆடியோ தொடராக வந்திருக்கிறதே எனக்கு அந்த பஸ்ஸில்தான் தெரியும்.

அந்த அக்கா ஒரு இடத்தில் சிரிச்சாங்க. எனக்கு சந்தோஷமாகவும் இருந்தது, வயித்தெரிச்சலாகவும் இருந்தது. "இது நான் எழுதினதுங்க"ன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லலை. சொன்னா, "அப்ப நல்லா சம்பாதிக்கிறீங்களா?"ன்னுதான் அடுத்த கேள்வி வரும்.

ஊருக்குப் போய் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவங்க. அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கட்டை எல்லாம் செய்கிற இடம். பீங்கான் பொம்மை செய்கிற முறை தெரியாதவங்களுக்குச் சொல்றேன். முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு அச்சு செய்வாங்க. களிமண்ணைத் தண்ணியாகக் கரைத்து அந்த அச்சுக்குள் ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும், ஓரமாக மண் படிஞ்சு நிக்கும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, காய்ந்ததும் அச்சைப் பிரிச்சா உள்ளே பிள்ளையார். அதே அச்சில் மறுபடியும் ஊத்தினா இன்னொரு பிள்ளையார்.

நான் சொன்னதை முழுசாகக் கேட்டுட்டு அம்மா சொன்னது ஒரே வரி: "பொம்மைய வித்தேன்னு நெனச்சியா பாப்பா? நீ அச்சையில்ல குடுத்துட்டு வந்திருக்க."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இந்த எபிசோடைத் தயார் பண்ணினேன். 'ஆன்லைனில் எழுதி சம்பாதிப்பது எப்படி' என்று தேடினால் ஆயிரம் வீடியோ வரும். ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் மேல்வருமானத்துக்கு என்ன வழி தேடினார்கள், எதில் ஜெயித்தார்கள், எதில் ஏமாந்தார்கள் என்று பார்த்தால், நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு கதை இருக்கிறது. நம்ம இன்றைக்குப் புதுசு என்று நினைக்கிற எல்லாமே அதில் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

1887: கையொப்பம்

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர். மாதச் சம்பளம் வருகிறது. ஆனால் சீவக சிந்தாமணி மாதிரி ஒரு பெரிய காவியத்தை ஏடு பார்த்து, பாடம் ஒப்பிட்டு, அச்சில் கொண்டுவருவதற்கு அந்தச் சம்பளம் எந்த மூலைக்கு? காகிதம் வாங்கணும், அச்சுக்கூலி கொடுக்கணும், சென்னைக்குப் போய்த் தங்கி ப்ரூஃப் பார்க்கணும்.

அவர் என்ன செய்தார் என்றால், புத்தகம் வருவதற்கு முன்னாலேயே ஆட்களைப் பார்த்துக் கையொப்பம் வாங்கினார். "இந்த நூல் வந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்ட பட்டியல். சிலர் முன்பணமும் கொடுத்தார்கள். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது.

இதற்கு இன்றைக்கு நாம் வைத்திருக்கிற பெயர் கிரவுட் ஃபண்டிங், ப்ரீ-ஆர்டர். அப்போது ஆப் இல்லை, யூபிஐ இல்லை. கையில் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம், அதில் பெயர்கள். ஆனால் அடிப்படை அப்படியே அதே: எழுத்தை அச்சிடுவதற்கு முன்னாலேயே அதைப் படிக்கப்போகிறவர்களின் பட்டியல் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலை இந்த எபிசோட் முழுக்க ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு ஒன்று, பட்டியல் இன்னொன்று. இந்த ரெண்டும் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இந்த வரலாறே.

இன்னொரு விஷயமும் உண்டு. அதே உ.வே.சா. தன் வாழ்க்கைக் கதையை எழுதியது ஒரு வாரப் பத்திரிகையில், தொடராக. 1940-இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' வர ஆரம்பித்தது. 1942-இல் அவர் மறைந்தபோது அந்தக் கதை முடியாமலே நின்றது. எண்பத்தைந்து வயதைத் தொடுகிறவர், வாராவாரம் அத்தியாயம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தொடர் எழுதுகிற யாரும் "எனக்கு வயசாகிடுச்சு, டெட்லைன் தாங்கலை" என்று சொல்லவே முடியாது.

1920: பத்தாயிரம் பிரதி

அடுத்து பாரதி. நம் மனதில் இருக்கிற பாரதிக்குப் பணக்கணக்கு தெரியாது. கையில் இருந்த அரிசியைக் குருவிக்குப் போட்டவர் என்றுதான் கேட்டிருப்போம். ஆனால் 1920-இல் அவர் அனுப்பிய ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. தன் எழுத்துகளை எல்லாம் 40 புத்தகங்களாகப் போடுவது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அடிப்பது. அதற்கான முதலை நண்பர்களிடமிருந்து நன்கொடையாகக் கேட்கவில்லை, வட்டியோடு திருப்பித் தரும் கடனாகக் கேட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி தன் புத்தகங்கள் வீடு வீடாகப் போகும் என்று நம்பினார்.

மொத்தம் நாலு லட்சம் பிரதி. இன்றைக்கும் ஒரு தமிழ்ப் பதிப்பாளரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், எழுந்து போய்விடுவார். பணம் வரவில்லை. திட்டம் நடக்கவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி போய்விட்டார்.

அந்த நம்பிக்கை தப்பு இல்லை, காலம்தான் அவருக்கு வாய்க்கவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். கிராமபோன் பரவியது, வானொலி வந்தது, பேசும் படம் வந்தது. பாரதி பாட்டு இசைத்தட்டில் வந்தால் விற்கும் என்று ஒரு வியாபாரிக்குத் தெரிந்தது. ஜேசிங்லால் மேத்தா என்பவர் பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை 450 ரூபாய்க்கு வாங்கினார். பிற்பாடு அது ஏவி.எம். மெய்யப்ப செட்டியாரிடம் 9,500 ரூபாய்க்குப் போனது.

அதாவது, எழுத்தாக இருந்தபோது அச்சடிக்கக் கடன் கிடைக்காத பாட்டு, குரலாக மாறினதும் கைமாறி கைமாறி விலை ஏறுகிறது. எழுதினவர் இல்லை. குடும்பத்துக்கு அந்த ஏற்றத்தில் பங்கு இல்லை.

அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது, உரிமை எங்களுடையது என்று தகராறு வந்தது. நாட்டின் கவிஞனுடைய பாட்டைப் பாட ஒரு ஆளிடம் அனுமதி வாங்கணுமா என்று ஊரே கேட்டது. மெய்யப்ப செட்டியார் காசு வாங்காமலேயே உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளின் உரிமையை எடுத்துக்கொண்டது, பிற்பாடு அவை பொதுவாயின. இதைப் பற்றி வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. ஒரு பாட்டுக்கு அச்சு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையாது. புத்தகம் ஒரு அச்சு. ஒலி இன்னொரு அச்சு. படம் மூன்றாவது. ஒவ்வொரு புதுக் கருவி வரும்போதும் ஒரு புது அச்சு பிறக்கிறது. அது பிறந்த புதுசில் அதன் விலை யாருக்கும் தெரியாது. எழுதுகிறவருக்கு நிச்சயமாகத் தெரியாது. 450 ரூபாய்க்குப் போவது அந்த நேரத்தில்தான்.

விருத்தாசலம் என்ற பெயர்

எங்க பக்கத்து ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒரு எழுத்தாளர் உண்டு. சொ. விருத்தாசலம். புதுமைப்பித்தன் என்றால் தெரியும். 1906-இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், குடும்பம் திருநெல்வேலிப் பக்கம்.

இவருக்குப் பத்திரிகை வேலைதான் சோறு போட்டது. மணிக்கொடியில் எழுதினார், காசு பெரிதாக இல்லை. தினமணியில் உதவி ஆசிரியராக இருந்தார், 1943 வரை. பகலில் செய்தி மொழிபெயர்ப்பு, ராத்திரியில் கதை. இன்றைக்கு ஐடி கம்பெனியில் கன்டென்ட் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து நாவல் எழுதுகிற எல்லோருக்கும் இவர்தான் மூத்த அண்ணன்.

பிறகு சினிமா. அந்தக் காலத்து எழுத்தாளனுக்கு மேல்வருமானம் என்றால் சினிமா வசனம்தான். எழுதினார். அதோடு நிற்கவில்லை, சொந்தமாகப் படம் எடுக்கலாம் என்று பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று ஆரம்பித்தார். படம் வரவில்லை, கையில் இருந்தது போனது. கடைசியாக எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுத புனே போனார். அங்கேதான் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30, திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42.

2002-இல் தமிழக அரசு அவர் எழுத்தை நாட்டுடைமையாக்கியது. இன்றைக்கு யூட்யூபில் புதுமைப்பித்தன் கதைகளை வாசிக்கிற சேனல்கள் எவ்வளவு இருக்கு! கல்கிக்கும் அப்படித்தான். 1999-இல் நாட்டுடைமை ஆனதால்தான் பொன்னியின் செல்வனை யார் வேண்டுமானாலும் புத்தகமாகப் போடலாம், குரலில் படிக்கலாம், அதை வைத்து விளம்பர வருமானமும் பார்க்கலாம். இது நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. நானே அப்படிப் படித்து சம்பாதித்திருக்கேன். ஆனால் 1947-இல் அந்த விளம்பரக் காசில் ஒரு பகுதி புனேக்கு மணியார்டராகப் போயிருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பையும் பாக்கெட்டும்

இதற்கு அடுத்த தலைமுறையில் ரெண்டு பாதை தெரிகிறது.

ஒன்று சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தார். பெரிய பத்திரிகைகள் போடாததைப் போடுவதற்காக. புத்தகங்களைப் பையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அச்சும் அவருடையது, பட்டியலும் அவருடையது. ஆனால் வருமானம் இல்லை. உடம்புதான் தேய்ந்தது.

இன்னொன்று பாக்கெட் நாவல். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கும். மாதம் ஒரு நாவல், சில சமயம் அதற்கும் மேல். ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறார். நம்ம பெரியம்மா சித்தி எல்லாம் ரமணிசந்திரன் படித்து வளர்ந்தவர்கள். இங்கே காசு இருந்தது, வேகம் இருந்தது. வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ் மாறுகிற இடைவெளியில் ஒன்று வாங்கினால் திருச்சி வருவதற்குள் முடிந்துவிடும்.

இன்றைக்குப் பிரதிலிபி மாதிரி ஆப்களில் தினம் ஒரு அத்தியாயம் போடுகிற எழுத்தாளர்கள் இருக்கிறார்களே, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்கள் இந்தப் பாக்கெட் நாவலின் நேர் வாரிசுகள். இலக்கிய உலகம் அன்றைக்கும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை, இன்றைக்கும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது பாதையும் உண்டு, அதுதான் பெரும்பாலோர் பாதை: நிலையான ஒரு வேலை. விருத்தாசலத்தில் வாழும் இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1994-இல் 'கோவேறு கழுதைகள்' வந்தது. 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர் நாவலின் பெயர் 'செல்லாத பணம்'. எழுத்தும் வருமானமும் பற்றிப் பேசும்போது அந்தத் தலைப்பைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். நாவல் சொல்லும் விஷயம் வேறு, சிரிப்பதற்கானது இல்லை.

2016 - 2018: கதவு திறந்த ரெண்டு வருஷம்

இப்போ இணையத்துக்கு வருவோம். தமிழ் இணையத்துக்கு ரொம்ப சீக்கிரமே வந்துவிட்டது. 1998 பொங்கலில் மதுரைத் திட்டம் தொடங்கி, பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். ஆனால் தமிழில் எழுதி இணையத்தில் காசு பார்ப்பது ரொம்பக் காலத்துக்கு நடக்காத விஷயம். காரணம் எளிமையானது. கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்கவில்லை. நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும், எவ்வளவு பேர் படித்தாலும், தமிழ்ப் பக்கத்துக்கு முறையாக விளம்பரம் கிடையாது. இந்திக்கு 2014 கடைசியில் கிடைத்தது. தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான்.

இடையில் ரெண்டு மூன்று விஷயம் சேர்ந்து நடந்தது. 2016-இல் யூபிஐ வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்தது. டிசம்பரில் அமேசான் கிண்டில் தமிழ் மின்னூல்களைத் திறந்தது. 2018-இல் அவர்களுடைய 'பென் டு பப்ளிஷ்' போட்டி முதல் முறையாகத் தமிழுக்கும் வந்தது. வேப்பூரில் இருந்துகொண்டு, ஒரு பதிப்பாளர் முகத்தையும் பார்க்காமல், ஒரு ராத்திரியில் புத்தகம் போடலாம் என்பது அப்போதுதான் சாத்தியம் ஆனது.

கதவு திறக்கும்போதே இன்னொரு கதவு சாத்தும் என்பதற்கும் அதே 2018 சாட்சி. தமிழுக்கு ஆட்சென்ஸ் வந்ததற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரியில், யூட்யூப் தன் வருமான விதியை இறுக்கியது. 1,000 சந்தாதாரர், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்கணும். அதற்குக் கீழே இருந்தவர்களுக்குக் காசு நின்றது.

இந்த வழிகளில் பணம் எப்படி வருகிறது என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் இதைக் கேட்டு மெயில் போடுறீங்க.

கிண்டிலில் ரெண்டு வகை ராயல்டி: விற்ற விலையில் 35 சதவீதம், அல்லது 70 சதவீதம். இந்திய வாசகருக்கு விற்பதில் 70 வேணும்னா கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேரணும். சேர்ந்தால் அந்த மின்னூலை 90 நாளைக்கு வேறு எங்கேயும் மின்வடிவில் கொடுக்கக்கூடாது. கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் படிக்கிறவர்கள் எத்தனை பக்கம் படித்தார்களோ அதற்கு ஒரு பொது நிதியிலிருந்து பங்கு வரும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதாமாதம் மாறும்.

தொடர்கதை ஆப்களில் வாசகர் கட்டும் சந்தாவிலும் பரிசு நாணயங்களிலும் பங்கு. விளம்பரத்தில் பார்வை எண்ணிக்கைக்குப் பங்கு. இது போக, சொல்லுக்கு இத்தனை பைசா என்று எழுதிக் கொடுக்கிற கன்டென்ட் வேலை. நான் 2019-இல் சொல்லுக்கு 25 பைசாவில் ஆரம்பித்தேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். இப்போ "மெஷின் எழுதினதைத் திருத்திக் கொடுங்க"ன்னுதான் வேலை வருது, அதுக்கு இன்னும் குறைவு.

எங்க ஊரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை பிரபலம். சந்தையில் ஆட்டை வைத்திருக்கிறவர் என்றைக்குமே வெறும் ஆட்டை விற்பதில்லை. கூட்டம் எவ்வளவு, தீபாவளி வருதா, நேற்று என்ன விலைக்குப் போச்சு, எல்லாம் தெரிந்து விற்பார். மாட்டுச்சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி அதுக்கு அடியில் விரலைப் பிடித்து பேரம் பேசுவாங்க இல்லையா, பார்க்கிறவனுக்கு விலை தெரியாது. இந்த ஆப்களில் நடப்பதும் துண்டுக்கு அடியில் நடக்கிற பேரம்தான். ஒரு வித்தியாசம், அங்கே விரல் கொடுத்தவனுக்காவது விலை தெரியும்.

யாருடைய கையில் பட்டியல் இருக்கு என்று இப்போ கேளுங்கள். என் 60 அத்தியாயத்தை எத்தனை பேர் படித்தார்கள், எந்த ஊர்க்காரர்கள், அடுத்த கதை எழுதினால் யாருக்குச் சொல்வது, எதுவும் எனக்குத் தெரியாது. 1887-இல் உ.வே.சா.வுக்கு அவர் வாசகர்களின் பெயர் தெரியும்.

இணையத்திலேயே அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2014 ஜனவரி 1-இல் ஜெயமோகன் 'வெண்முரசு' எழுத ஆரம்பித்தார். தினம் ஒரு அத்தியாயம், தன் சொந்தத் தளத்தில், இலவசமாக. 2020-இல் 26 நாவல்களோடு முடித்தார். இலவசமாகப் படித்த அதே வாசகர்கள்தான் முன்பதிவு செய்து, ஆசிரியர் கையெழுத்துப் போட்ட கெட்டி அட்டைப் பதிப்பை வாங்கினார்கள். 1887-இல் வாசகர் கையொப்பம் போட்டார். 2014-இல் எழுத்தாளர் கையொப்பம் போட்டார். இடையில் இருக்கிற ஏற்பாடு ஒன்றுதான்.

எல்லோராலும் வெண்முரசு எழுத முடியாது, தெரியும். ஆனால் 300 வாசகரின் மின்னஞ்சல் முகவரியை ஒரு நோட்டில் சேர்த்துவைக்க எல்லோராலும் முடியும்.

சட்டத்தில் நாலு வரி

பஸ்ஸில் அந்தக் கதையைக் கேட்ட பிறகு நான் விருத்தாசலம் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்தார். எல்லா எழுத்தாளர்களும் முதல் ஒப்பந்தத்துக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய நாலு விஷயம் இருந்தது.

முதலாவது, ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் ஐந்து வருஷம் என்றுதான் அர்த்தம். எந்த நிலப்பகுதி என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். அதனால்தான் அவர்கள் மறக்காமல் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று எழுதுகிறார்கள்.

இரண்டாவது, உரிமையை வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, அந்த உரிமை காலாவதி ஆகிவிடும்.

மூன்றாவது, 2012 திருத்தம். ஒப்பந்தம் போடும்போது இல்லாத, அல்லது வணிகத்துக்கு வராத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய. பாரதி காலத்தில் இப்படி ஒரு வரி இல்லை.

நாலாவதும் அதே திருத்தத்தில்தான். ஒலிப்பதிவில் சேர்க்கப்படும் எழுத்தின் ஆசிரியர், அந்த ஒலிப்பதிவின் பயன்பாட்டுக்காக ராயல்டியைச் சரிபங்காகப் பெறும் உரிமையை, உரிமை வாங்குகிற நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. கொடுத்தாலும் செல்லாது. சினிமாப் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் வருஷக்கணக்கில் கேட்டுப் பெற்றது இது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் பேசியவர்களில் முக்கியமானவர்.

என் 2021 ஒப்பந்தத்தில் 'இப்போதுள்ள, இனி வரும் எல்லா ஊடகங்களிலும்' என்று இருந்தது. 2021-இல் ஆடியோ ஏற்கெனவே சந்தையில் இருந்ததால் மூன்றாவது வரி எனக்கு உதவாது. நாலாவது உதவலாம் என்றார் வக்கீல். ஆடியோ தொடருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வாதாடித்தான் பார்க்கணும் என்றும் சொன்னார். நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். இதுவரை பதில் இல்லை. அதனால்தான் பெயர் சொல்லலை.

இப்போ மேஜை மேல் இருக்கிறது

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லா இருக்கும். போன மாதம் வேறொரு நிறுவனத்திலிருந்து புது ஒப்பந்தம் வந்தது. 40 அத்தியாயம், 25,000 ரூபாய். எல்லா உரிமையும், நிரந்தரமாக.

வேப்பூரில் எங்க வீட்டு ஓடு மழைக்கு ஒழுகுது. மாற்ற எவ்வளவு ஆகும் என்று கொத்தனார் சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். வரலாறு எல்லாம் படிச்சாச்சு, பாரதி 450 ரூபாய் தெரியும், பிரிவு எண் வரைக்கும் தெரியும். இருந்தாலும் பேனாவை எடுத்துட்டேன். காசு வேணும்கிற நேரத்தில் அச்சும் பொம்மையும் ஒரே மாதிரிதான் தெரியும். எழுத்தை மொத்தமாக விற்ற யாரையும் நான் இனிமே முட்டாள்னு சொல்ல மாட்டேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கிட்டிருந்தாங்க. "பிளாஸ்டர் அச்சாவது ஊத்த ஊத்த தேயும், பாப்பா. பொம்மைக்கு மூக்கு மழுங்கிடும், அப்பறம் தூக்கிப் போட்டுருவோம். ஒன்னோடது தேயுமா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியலை. பாரதி பாட்டு தேயலை. புதுமைப்பித்தன் தேயலை. என்னோடது எவ்வளவு நாள் நிற்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அது தெரியாததால்தானே எல்லோரும் மொத்தமாகக் கொடுத்துடறோம்.

கடைசியில் ஒப்பந்தத்தில் மூன்று இடத்தில் கோடு போட்டேன். 'நிரந்தரமாக' என்பதை அடித்து 'மூன்று வருஷம்' என்று எழுதினேன். 'எல்லா ஊடகங்களிலும்' என்பதை அடித்து 'எழுத்து வடிவில் மட்டும்' என்று எழுதினேன். ஆடியோ வேணும்னா தனி ஒப்பந்தம், ராயல்டியோடு என்று ஒரு வரி சேர்த்தேன். 25,000-க்குப் பதிலாக 18,000 போதும் என்றும் எழுதினேன், ஏனென்றால் நான் இப்போது விற்பது குறைவு. அனுப்பி ஒன்பது நாள் ஆகுது.

வேண்டாம் என்று சொல்லலாம். ஓட்டுக்கு இந்த வருஷமும் தார்ப்பாய்தான். சரி என்று சொன்னால், அடுத்த எபிசோடில் சொல்றேன்.

நீங்க ஏதாவது எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தா, இன்னைக்கு ராத்திரி அந்த மெயிலைத் தேடி எடுத்து மறுபடியும் படிங்க. 'நிரந்தரமாக', 'எல்லா ஊடகங்களிலும்' இந்த ரெண்டு சொல் இருக்கான்னு பாருங்க. இருந்தா வருத்தப்படாதீங்க, உங்களுக்கு முன்னாடி பெரிய வரிசை நிக்குது. அடுத்ததில் கோடு போடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.